எந்த வைரஸுக்கு எதிர்ப்பு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றி வேளாண் பக்கங்களில் வரும் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது: ‘நாட்டு இனம் என்பதால் இயற்கையிலேயே நோய் எதிர்ப்பு உண்டு, தடுப்பூசி தேவையில்லை.’ இதன் முன்பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பின்பாதியை நம்பியவர்கள் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் உண்மை எது, அது எங்கே முடிகிறது என்று எழுத உங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறோம்.

முதலில் வெள்ளைக் கழிச்சல். இராணிக்கெட் என்று புத்தகத்தில் இருக்கும் இந்த நோயின் வீரிய வகை, தடுப்பூசி காணாத கூட்டத்துக்குள் புகுந்தால் பெருவிடை, சிறுவிடை, கருங்கோழி என்று பார்ப்பதில்லை. சில நாட்களில் கூட்டமே போய்விடும். தடுப்பூசி போட்டபின் எவ்வளவு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகிறது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் மரபு வேறுபாடு உண்டு; கானா, தான்சானியா நாட்டுக்கோழிகளில் இதை விரிவாகவே அளந்திருக்கிறார்கள். ஆனால் அது தடுப்பூசியின் பலனைக் கூட்டிக் குறைக்கும் வேறுபாடு. தடுப்பூசி இல்லாமலே தப்ப வைக்கும் வேறுபாடு என்று எடுத்துக்கொள்ள முடியாது. புறக்கடையில் திரியும் நாலு கோழிக்கு நோய் வராமல் போவதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்தான்: நெருக்கம் குறைவு, வெளிக்கோழி வந்து கலப்பது குறைவு, பிப்ரவரி மாத முகாமில் தாய்க்கோழிக்குப் போட்ட ஊசி. அந்த ஊசியால் உண்டான எதிர்ப்பொருள் முட்டைக் கருவழியே குஞ்சுக்கு வந்து இரண்டு மூன்று வாரம் காக்கும். பதினைந்து நாள் குஞ்சைக் காட்டி ‘பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை’ என்பவர் காட்டுவது தாயின் கடனை. ஐந்தாம் வாரத்தில் அது தீர்ந்திருக்கும்.

மரபு எதிர்ப்பு என்று துணிந்து சொல்லத்தக்க நோய் கோழியில் உண்டு. அது மேரக்ஸ். 1907-இல் புடாபெஸ்ட்டில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் கால் விளங்காமல் போன சேவல்களில் விவரித்த நோய். எட்டு வாரத்திலிருந்து இருபது வாரம் வரையான கோழி ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் நீட்டிச் சாய்ந்து கிடந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பலர் கால்சியம் குறைவு, பி வைட்டமின் குறைவு என்று டானிக் கலக்கிக்கொண்டிருப்பார்கள். அறுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். தொடையின் உள்பக்கத் தசையை விலக்கினால் தெரியும் பெரிய நரம்பை இரண்டு காலிலும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நல்ல நரம்பு பளபளப்பான வெள்ளையாக, குறுக்கே மெல்லிய வரிகளோடு இருக்கும். மேரக்ஸ் பிடித்த நரம்பு இரண்டு மூன்று மடங்கு தடித்து, மஞ்சளோடிய சாம்பல் நிறத்தில், வரி அழிந்து கிடக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் தடிக்கும். அதனால்தான் ஒப்பிடச் சொல்கிறோம். ஈரல், மண்ணீரல், சினைப்பையில் வெள்ளைக் கட்டிகளும் இருக்கலாம்.

இந்த நோயில் மரபு எப்படி வேலை செய்கிறது? உடலின் செல் ஒவ்வொன்றும் தனக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டிருக்கும். அதில் வைரஸின் துணுக்கு தெரிந்தால் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து அந்தச் செல்லை அழிக்கும். ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளைத் தரும் மரபணுத் தொகுதிக்குக் கோழியில் ‘பி’ தொகுதி என்று பெயர். 16-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மனிதரிடம் இந்த வேலைக்கு மூன்று முதன்மை மரபணுக்கள். தாய்வழி, தந்தைவழி சேர்ந்தால் ஆறு வகை மூலக்கூறு வரை கிடைக்கும். கோழியில் பெரும்பாலும் ஒரே மரபணுதான் முழுமூச்சாக வேலை செய்கிறது. ஆறு வலை வீசுபவனுக்கு ஒன்று கிழிந்தாலும் மீன் கிடைக்கும். ஒரே வலைக்காரனுக்கு எல்லாம் அந்தக் கண்ணியின் அளவைப் பொறுத்தது. கோழியில் ஒரு மரபணுத் தொகுதி ஒரு நோயின் தலையெழுத்தையே மாற்றுவதற்குக் காரணம் இதுதான். பி21 என்ற வகை பலதரப்பட்ட துணுக்குகளை ஏந்தும். மேரக்ஸில் அதற்கு நல்ல எதிர்ப்பு. பி19 வகைக்கு மிகக் குறைவு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோல் என்பவர் ஒரே கூட்டத்திலிருந்து சில தலைமுறைகளிலேயே எதிர்ப்புள்ள வம்ச வழி, எளிதில் நோய்ப்படும் வம்ச வழி என்று இரண்டைப் பிரித்தெடுத்து 1968-இல் வெளியிட்டார். பின்னால் பார்த்தபோது முன்னது பி21, பின்னது பி19.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் எல்லாக் கோழியையும் பி21 ஆக்கிவிடலாமே’ என்று தோன்றும். கூடாது. ஒரு வைரஸுக்கு நல்ல வகை இன்னொன்றுக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை. ரௌஸ் சார்கோமா என்ற வைரஸ் கட்டியைக் கரைப்பதில் பி2 பெயர் பெற்றது; மேரக்ஸில் அதே பி2 நடுத்தரம்தான். தடுப்பூசிகூட எல்லா வகையிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எந்த வகைத் தடுப்பூசி அதிகம் காக்கிறது என்பது பி தொகுதியின் வகையைப் பொறுத்து மாறுகிறது. கூட்டத்தில் பல வகைகள் இருப்பதே காப்பு.

பி தொகுதி மட்டுமே கதை என்றால் விஷயம் எளிது. மிச்சிகன் மாநிலம் ஈஸ்ட் லான்சிங்கில் உள்ள அரசு ஆய்வகம் பல பத்தாண்டுகளாகக் காத்துவரும் 6, 7 என்ற, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கிய இரண்டு கோழி வழிகள் அந்த எளிமையைக் கெடுக்கின்றன. இரண்டுக்கும் பி2 தான். ஆனால் 6 தாங்கும், 7 கட்டி வைத்துச் சாகும். ஆகவே பி தொகுதிக்கு வெளியேயும் மரபணுக்கள் இருக்கின்றன. எபிஜெனடிக்ஸ் என்ற சொல் இங்கேதான் நுழைகிறது: மரபணுவின் எழுத்து மாறாமல், அதன் மேல் ஒட்டும் மெத்தில் போன்ற ரசாயனக் குறிகள் எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்று தீர்மானிப்பது. இந்த வழிகளில் மேரக்ஸ் வைரஸைச் செலுத்தியபின் மெத்தில் குறிகள் மாறும் விதம் ஒன்றுபோல் இல்லை என்று 2011, 2012-இல் வந்த ஆய்வுகள் காட்டின. நோய்ப்படும் வழியில் சி.டி.4 மரபணுவின் முகப்பில் மெத்தில் குறைந்தது. மேரக்ஸ் வைரஸ் புற்றாக மாற்றுவது சி.டி.4 வகை டி செல்களைத்தான் என்பதால் இது கவனிக்கத்தக்கது. ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒரு உறுப்பை மொத்தமாக அரைத்து அளக்கும்போது, அங்கே சி.டி.4 செல்கள் பெருகியதாலேயே சராசரிக் குறி குறைந்து தெரியலாம். குறி மாறியதால் நோயா, நோயால் குறி மாறியதா என்பதைச் செல் செல்லாகப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எபிஜெனடிக் கட்டுப்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று கோழியிலேயே பழையது ஒன்று உண்டு. கோழியின் மரபணுத் தொகுப்புக்குள் பழங்காலத்தில் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஈவி-1 என்பது மெத்தில் குறியால் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது; மெத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்தைச் செல்களுக்குக் கொடுத்தால் எழுந்து பேசுகிறது என்று 1981-லேயே காட்டிவிட்டார்கள். எல்லாம் இப்படி அடங்கிக் கிடப்பதில்லை. ஈவி-21 என்பது மெதுவாக இறகு முளைக்கும் மரபணுவோடு ஒட்டி, இசட் குரோமோசோமில் இருக்கிறது. பொரிப்பகங்களில் முதல் நாளே இறக்கையை விரித்துச் சேவல், பெட்டை பிரிப்பதற்கு அந்த மெது இறகு மரபணுவைத்தான் பயன்படுத்துகிறார்கள்: மெது இறகுத் தாய், வேக இறகுத் தகப்பன் என்று சேர்த்தால் பெட்டைக் குஞ்சுக்கு முதன்மை இறகுகள் மேல்வரிசையைத் தாண்டி நீண்டிருக்கும், சேவல் குஞ்சுக்குச் சமமாகவோ குட்டையாகவோ இருக்கும். வசதியான முறைதான். அதன் விலை, ஈவி-21 உள்ள தாய்க்கோழி அந்த வைரஸை முட்டைவழியே அனுப்ப, குஞ்சின் உடல் அதைத் தன்னுடையது என்று பழகிக்கொண்டு, பிறகு வெளியிலிருந்து வரும், புற்றுக் கட்டி தரும் லுகோசிஸ் வைரஸைச் சரியாக எதிர்க்காமல் போவது. இறகுவழிப் பால் பிரிப்புக்காகத் தாய் வழியைத் தேர்ந்தெடுக்கும் பொரிப்பகம் எதுவும் லுகோசிஸ் பரிசோதனையைக் கைவிடக்கூடாது.

பண்ணையாளருக்கு இதில் என்ன என்றால், மரபணு, எபிஜெனடிக் குறி, தாய் தந்த எதிர்ப்பொருள் ஆகிய மூன்றும் வேறு வேறு. மரபணு தலைமுறை தாண்டும். எதிர்ப்பொருள் சில வாரங்களில் தீரும். தொற்றின்போது மண்ணீரலிலும் டி செல்களிலும் விழும் மெத்தில் குறி அந்தக் கோழியோடு போவது. விந்துக்கோ முட்டைக்கோ அது போய்ச் சேர்வதாக மேற்கண்ட ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. ‘எபிஜெனடிக் முறையில் எதிர்ப்பு ஏற்றிய குஞ்சு’ என்றோ, அதற்கான தீவனத் தூள் என்றோ யாராவது விற்க வந்தால் காசை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பி21 கோழிக்கும் மேரக்ஸ் வைரஸ் தொற்றும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உடலில் வைரஸின் அளவு குறைவு, கட்டி வருவது அரிது. ஆனால் இறகுக் குழியின் தோல் செல்களில் வைரஸ் முழு வடிவம் பெற்றுப் பொடுகோடு உதிர்ந்துகொண்டிருக்கும். அந்தத் தூசி கொட்டகையில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். தடுப்பூசியும் இப்படித்தான்: கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. தடுப்பூசி போட்ட கோழிகள் பிழைத்திருப்பதால் கடும் வீரிய வகைகளும் பரவ நேரம் கிடைக்கிறது என்று 2015-இல் சோதனையாகவே நிறுவினார்கள். ஆகவே ‘எதிர்ப்புள்ள’ பெரிய கோழிகளின் பக்கத்தில் ஊசி போடாத குஞ்சுகளை விடுவது, குஞ்சுகளை நோய்க்குள் விடுவதுதான்.

கருங்கோழி, அசில் விளம்பரங்களில் அடிபடும் ‘பறவைக் காய்ச்சல் எதிர்ப்பு மரபணு’ பற்றியும் ஒரு வார்த்தை. எம்எக்ஸ் என்ற புரதத்தின் 631-ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வைரஸ் அடங்குகிறது என்று 2002-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று செல் வளர்ப்பில் சொன்னது. பிறகு உயிருள்ள கோழிகளில் செய்த சோதனைகள் அதை ஒத்த குரலில் ஆதரிக்கவில்லை. அந்த ஒரு எழுத்தை வைத்து இனத்துக்குச் சான்றிதழ் தர முடியாது. வாத்து பல சமயம் காய்ச்சலோடு திரிந்தும் சாகாமல் இருப்பதற்கு ஒரு காரணம், வைரஸை மோப்பம் பிடிக்கும் ரிக்-1 மரபணு வாத்தில் உண்டு, கோழியில் இல்லை. தேர்வு இனப்பெருக்கத்தால் இல்லாத மரபணுவை வரவழைக்க முடியாது.

மரபணுவையே திருத்தினால்? பிரிட்டனில், பறவைக் காய்ச்சல் வைரஸ் தான் பெருகப் பயன்படுத்திக்கொள்ளும் கோழிப் புரதத்தைத் தரும் ஏ.என்.பி.32ஏ என்ற மரபணுவில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி உருவாக்கிய கோழிகளுக்கு எச்9என்2 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸை இயல்பான அளவில் கொடுத்தபோது பத்தில் ஒன்பது தப்பின. ஆயிரம் மடங்கு கொடுத்தபோது பத்தில் ஐந்துக்குத் தொற்றியது. வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு அதே குடும்பத்தின் வேறு புரதங்களைப் பிடித்துக்கொண்டது. 2023-இல் வெளியான இந்த முடிவைச் செய்திகள் வெற்றி என்று எழுதின. எங்களுக்கு அதன் இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. பன்றியில் நிலைமை மேல்: கருச்சிதைவும் மூச்சுக்கோளாறும் தரும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் நுழையும் வாசலான சி.டி.163 புரதத்தைத் திருத்திய பன்றிகளுக்கு 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அந்த வாசல் இல்லாமல் அந்த வைரஸ் உள்ளே வர வழியில்லை. எல்லா வைரஸும் ஒரே வாசலை நம்பியிருப்பதில்லை.

இனி, உள்ளூரில் கோழிக் கூட்டம் வைத்திருப்பவர் தேர்வு செய்ய விரும்பினால் என்ன செய்யலாம்? ‘நோய் வந்து தப்பிய சேவலை வைத்து இனம் பெருக்குகிறேன்’ என்பதுதான் வழக்கமான பதில். தப்பியது எதிர்ப்பாலா, தொற்றே படாததாலா என்று ஒற்றைக் கோழியை வைத்துச் சொல்ல முடியாது. மேலும் ஒரே சேவலில் எல்லாம் வந்து நின்றால் இரத்த உறவு ஏறும். கணக்கு எளிது: சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 2 சேவல், 20 பெட்டை என்றால் 160-ஐ 22-ஆல் வகுக்க ஏறத்தாழ 7; இனப்பெருக்கக் கணக்கில் கூட்டம் அத்தனை கோழிக்குத்தான் சமம். 100-ஐ அந்த எண்ணின் இருமடங்கால் வகுத்தால் ஏற்றம் தெரியும்: இரத்த உறவு ஒரு தலைமுறைக்கு 7 சதவீதம் அளவுக்கு ஏறும். 10 சேவல், 40 பெட்டை என்றால் 32. ஏற்றம் ஒன்றரை சதவீதம். முதல் கணக்கில் போனால் சில தலைமுறைகளில் பி தொகுதியின் அரிய வகைகள் காணாமல் போயிருக்கும்.

சரியான வழி தகப்பன் வாரியாகப் பார்ப்பது. பத்துச் சேவலுக்குக் குறையாமல், தனித்தனிக் கூண்டில் தலா நான்கைந்து பெட்டையோடு விடுங்கள். முட்டையில் பென்சிலால் சேவல் எண்ணை எழுதுங்கள். அடைகாப்பானில் பதினெட்டாம் நாள் குடும்பவாரியாக வலைப்பையில் பிரித்து வைத்தால்தான் பொரித்த குஞ்சு கலக்காது. பொரித்த அன்றே இறக்கைப் பட்டை. கால் வளையம் முதல் மாதத்தில் கழன்றுவிடும். ஒரு சேவலுக்கு நாற்பது குஞ்சாவது வேண்டும். எல்லாக் குடும்பத்தையும் ஒரே கொட்டகையில் கலந்து, ஒரே தடுப்பூசி, ஒரே தீவனம் என்று வளர்த்து, இருபது வாரம் வரை இறக்கும் ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்துக் காரணத்தைப் பட்டை எண்ணோடு எழுத வேண்டும். நாய் கடித்ததையும் வெள்ளைக் கழிச்சலையும் மேரக்ஸோடு சேர்த்து ‘சாவு’ என்று ஒரே பத்தியில் எழுதினால் இத்தனை வேலையும் வீண். பலர் தவறுவது இங்கேதான். கடைசியில் மேரக்ஸ் சாவு குறைந்த குடும்பங்களிலிருந்து சேவலை எடுங்கள், ஒரே குடும்பத்திலிருந்து எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஆய்வக வசதி கிடைத்தால் பி தொகுதிக்குள் இருக்கும் எல்.இ.ஐ.0258 என்ற டி.என்.ஏ. குறியிடத்தைப் பார்க்கச் சொல்லலாம். பி21 அங்கே 357 டி.என்.ஏ. எழுத்து நீளத் துண்டாகத் தெரியும். ஆனால் வேறு வகைகளும் அதே நீளத்தில் வரக்கூடும் என்பதால் அது துப்பு மட்டுமே.

தேர்வு நடக்கும் காலமெல்லாம் தடுப்பூசி நிற்கக்கூடாது. மேரக்ஸ் ஊசி புறக்கடைக்கு எட்டாததற்குக் காரணம் குப்பியின் அளவு: 1000 குஞ்சுக்கு 200 மில்லி கரைப்பானில் ஒரு குப்பி, அடைக்கோழி பொரிப்பதோ பத்துப் பன்னிரண்டு. தெருவில் உள்ள அடைக்கோழிகளை ஒரே மாலையில் அடை வைத்தால், இருபத்தோராம் நாள் எல்லாக் குஞ்சுக்கும் ஒரே குப்பி போதும். மீதியைக் கொட்ட வேண்டி வந்தாலும் பரவாயில்லை. கரைத்த மருந்தைப் பனிக்கட்டிமேல் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள், கழுத்தின் பின்புறத் தோலைத் தூக்கித் தோலுக்கடியில் 0.2 மில்லி. போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்; மருந்தில் உள்ள உயிர் வைரஸ் செத்துவிடும். அவ்வப்போது குப்பியை மெல்லச் சுழற்றுங்கள், இல்லையென்றால் கடைசிக் குஞ்சுகளுக்கு வெறும் தண்ணீர்தான் போகும். எதிர்ப்பு உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பழைய கூளம், பெரிய கோழிகளின் தூசி எதுவும் குஞ்சின் பக்கம் வரக்கூடாது. ஊசி போட்டும் மேரக்ஸ் வந்தது என்ற புகார்களை விசாரித்தால் பெரும்பாலும் இந்த முதல் வாரத்தில்தான் போய் நிற்கும்.

வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா அல்லது எஃப் வகைத் தடுப்பு மருந்து, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஆர்.டி.வி.கே. அல்லது ஆர்2பி தடுப்பூசி 0.5 மில்லி. முன்சொட்டுகள் காணாத குஞ்சுக்கும், ஆறு வாரத்துக்குள்ளும் இந்தக் கடைசி ஊசியைப் போட்டால் தடுப்பூசியே நோயாகி, கால் விழுந்து கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ‘நோய் எதிர்ப்பு இனம்’ என்ற கட்டுரையோ பேட்டியோ வெளியிடும்போது, எந்த நோய்க்கு, எத்தனை குஞ்சில், எத்தனை வாரம் வரை பார்த்தது, தடுப்பூசி போட்ட கூட்டமா என்ற நான்கு விவரங்களையும் கேட்டு அச்சிடுங்கள். கால் நீட்டிக் கிடக்கும் கோழி செத்தால் அதைக் குப்பையில் எறியாமல், பாலிதீன் பையில் இரட்டையாகச் சுற்றி, பனிக்கட்டியோடு (உறைய வைக்கக்கூடாது, திசு கெட்டுவிடும்) அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோகலாம் என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
கோழியின நோய்களைக் கையாளும் கால்நடை மருத்துவர்கள் இருவர்,
நாமக்கல் மாவட்டம்.